பின்வாசல் வழியாகப் போன படக்குறிப்பேடு

ஏப்ரல் கடைசி வாரத்தில் எங்கள் ஊர் நூலகத்துக்குள் நுழைந்தால் தேநீர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். குடிக்கிற தேநீர் அல்ல, காகிதத்தைப் பழசாக்குகிற தேநீர். எங்கள் தீவின் பாருவாலி கடற்கரையைப் பார்த்த அந்த ஒற்றை அறையில் பதினான்கு வருடமாகப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன். இதைவிட அருவருப்பான வாடையை அங்கே நான் முகர்ந்ததில்லை. திமிங்கலம் அறுக்கும் நாளில் வரும் கொழுப்பு நாற்றம் எவ்வளவோ தேவலை. அதில் பொய் இல்லை.

பொதுத் தேர்வில் ஓவியத்தை ஒரு பாடமாக எடுக்கும், பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவப் பிள்ளைகள், முடிந்த படத்தோடு ஒரு படக்குறிப்பேட்டையும் கொடுக்க வேண்டும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எதைப் பார்த்தாய், என்ன நினைத்தாய், எங்கே சறுக்கினாய், எப்படித் திருத்தினாய் என்று நாள் போட்டு வரைந்தும் எழுதியும் வைப்பது அது. நல்ல யோசனை. யோசித்தவர் யாரோ, அவரைக் கும்பிடலாம். ஆனால் இங்கே நடப்பது வேறு. முடிந்த படத்தை மார்ச்சில் போட்டுவிடுவார்கள். பிறகு அதைப் பார்த்து 'முதல் முயற்சிகளை' வரைவார்கள். செப்டம்பர் தேதிக்குக் கறுப்புப் பேனா, டிசம்பருக்கு நீலம், பிப்ரவரிக்குப் பென்சில். கடைசியில் என் நூலக மேசைமேல் தேநீர். எட்டு மாதச் சிந்தனை நான்கே நாளில் தயாராகிவிடும். இதைச் சொல்லிக் கொடுப்பவர்களே ஆசிரியர்கள்தான்.

அஷீபா மட்டும் அந்தக் குறிப்பேட்டை நிஜமாகவே எழுதினாள். அவள் செய்த ஒரே குற்றம் அது. முடியை ஒரு குற்றமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இரண்டு.

அவள் அப்பா பெயர் ராஸ் எலாம், மலைச்சரிவில் சேப்பங்கிழங்கும் இஞ்சியும் போடுகிறவர். அம்மா வெர்னெல்லா ஜாதிக்காய் ஜாமும் பழச்சாறும் விற்கிறவள். ராஸ்தாஃபாரி மதத்துக் குடும்பம்: கடவுளை 'ஜா' என்பார்கள், உப்பு சேர்க்க மாட்டார்கள், இறைச்சி தொட மாட்டார்கள், முடியில் கத்தி வைக்க மாட்டார்கள். பதினோரு வயதில் அஷீபா தேர்வெழுதி மேல்நிலைப் பள்ளியில் இடம் வாங்கினாள். முதல் நாள் வாசலிலேயே நிறுத்தினார்கள். சடைமுடி பள்ளி ஒழுங்குக்கு விரோதம். வெட்டிக்கொண்டு வரலாம், இல்லாவிட்டால் திரும்பிப் போகலாம். திரும்பிப் போனார்கள். அன்று முதல் அவளுக்கு வீடுதான் பள்ளிக்கூடம்.

எலாமின் கடவுளை நான் நம்பவில்லை. எத்தியோப்பியாவில் செத்துப்போன ஒரு ராஜா எப்படிக் கடவுளாவார் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "சிஸ்டர், உன் மூளை பெரிசு, ஆனா அதுல ஜன்னல் இல்ல" என்று சிரித்தபடி எனக்கு இரண்டு கிழங்கு கொடுத்தார். அது எங்களுக்குள். ஆனால் முடிக்கும் கணக்குப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்? மயிரை வைத்து மூளையை அளக்கும் தராசு எந்தக் கடையில் விற்கிறது? அதே பள்ளியின் தலைமை ஆசிரியை திருமதி பிராம்பிள் இருபது வருடமாகத் தலையில் வைப்பது பிரேசிலில் யாரோ ஒருத்தி விற்ற முடி. அது ஒழுங்குக்கு விரோதமில்லையாம்.

வீட்டில் படிக்கிறவர்களும் ஏதாவது ஒரு பள்ளி வழியாகத்தான் தேர்வெழுத முடியும். மற்ற பாடங்களுக்குத் தேர்வு நாளில் போய் எழுதினால் போதும். ஓவியத்துக்கு மட்டும், பள்ளி ஆசிரியர் ஒருவர் குறிப்பேட்டை அவ்வப்போது பார்த்துக் கடைசிப் பக்கத்தில் 'என் மேற்பார்வையில் செய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட வேண்டும். திருமதி பிராம்பிள் சம்மதித்தார். நிபந்தனை: தலையைத் துணியால் மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக வர வேண்டும், வகுப்பு நடக்கும் பக்கம் போகக் கூடாது. குப்பை வண்டி வருகிற வாசல் அது.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் 'வேலை செய்யும் கை'. அரிசிச் சாக்கின் உள்தாளை வெட்டி அம்மாவின் தையல் நூலால் தைத்த ஏடு. கறுப்புக்கு அடுப்புக்கரி, மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்குத் துணிக்குப் போடும் நீலக்கட்டி, சாம்பல் நிறத்துக்கு முந்தின வருடம் சூஃப்ரியர் எரிமலை எங்கள் கூரைகள் மேல் கொட்டிய சாம்பலையே சீமைப்பலாப் பாலில் குழைத்தது. அம்மா கிழங்கு துருவும் கை, அப்பா மண்வெட்டி பிடிக்கும் கை, மீனவர்கள் வலை முடிச்சுப் போடும் கை. மாதிரிக்கு ஆள் கிடைக்காத நாட்களில், மேசைமேல் தன் இடது கையை விரித்து வைத்து வலது கையால் வரைவாள். அந்தக் கையின் கட்டைவிரலடியில் அரைவட்ட வடு ஒன்று உண்டு. ஒன்பது வயதில் கரி அடுப்பு சுட்டது. ஒரு படத்திலும் அதை விடமாட்டாள். பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு: 'இன்று தப்பு. கட்டைவிரல் கிழங்கு மாதிரி வந்துவிட்டது. மூட்டைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்திருக்கிறேன்.' இன்னொரு நாள்: 'மழை. அம்மா அடுப்பை உள்ளே தூக்கி வந்தாள். புகையில் கண் தெரியவில்லை, கோடு தெரிகிறது.'

எத்தனையோ பேர் எழுதிய கலை நூல்களை வாசித்திருக்கிறேன். அவற்றில் முக்கால்வாசி அந்தக் கடைசி வாக்கியத்துக்கு உறை போடக் காணாது.

ஜனவரியில் ஓவிய ஆசிரியர் ஸ்டேப்பிள்டன் "பாத்துட்டுத் தரேன்" என்று ஏட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு நாளில் பார்க்க வேண்டியது மூன்று வாரம் ஆனது. அஷீபா இரண்டு முறை பின்வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். அந்த நாட்களில் என் நூலகத்தில் கிடந்த பழைய செய்தித்தாள் ஓரங்களில் வரைந்தாள்.

"ஏடு இல்லாம கை அரிக்குது மிஸ் ஒலிவியர்" என்றாள்.

"அந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாதா? எழுத்துக் கூட்டிப் படிச்சாலும் மூணு வாரமா?"

"நல்லாருக்குன்னு சொன்னாரு. மத்த பிள்ளைங்களுக்கும் காட்டணுமாம்."

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஒரு ஆசிரியர் நல்ல வேலையை நாலு பேருக்குக் காட்டுகிறார் என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி காலையில் வெர்னெல்லா மூச்சிரைக்க நூலகத்துக்கு வந்தாள். கையில் பள்ளியின் கடிதம். அஷீபாவின் குறிப்பேடு பள்ளி மாணவி லிண்டெல் டசில்வாவின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதப்பட்டதாகத் தெரிகிறது. பெற்றோருடன் இரண்டு மணிக்கு வரவும். நான்கு மணிக்குப் பொட்டலம் தேர்வு வாரியத்துக்குப் போகிறது.

"படிச்சவங்க பேச்சு எனக்கு வராது மிஸ். நீங்க வாங்க. எலாம் போனா ஜாங்கிற பேரு நாப்பது தரம் வரும், காரியம் நடக்காது" என்றாள் வெர்னெல்லா.

லிண்டெலின் அப்பாவுக்கு நெடுஞ்சாலையில் சிமெண்டும் தகரமும் விற்கும் பெரிய கடை. சாம்பல் மழையில் இடிந்த பள்ளிக் கூரையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தவர் அவர். அன்று அவர் அந்த அறைக்கு வரவில்லை. வரத் தேவையில்லை, எங்கள் தலைக்கு மேலேயே இருந்தார்.

சொல்லியும் கேட்காமல் வந்த எலாமையும் சேர்த்து, நாங்கள் நால்வரும் குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின்வாசல் வழியாகப் போனோம். மேசைக்குப் பின்னால் திருமதி பிராம்பிள். பக்கத்தில் ஸ்டேப்பிள்டன் தன் கால் சப்பாத்தைப் பார்த்தபடி. ஓரத்து நாற்காலியில் லிண்டெல், கண்கள் சிவந்து. மேசைமேல் இரண்டு ஏடுகள்: ஒன்று சாக்குத்தாள், இன்னொன்று கடையில் வாங்கிய தடித்த அட்டை, தேநீர்ப் பழுப்பு. வந்தவர்கள் பதிவேட்டில் எல்லாரும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டோம், லிண்டெலும்.

"இங்க பாருங்க," என்று திருமதி பிராம்பிள் இரண்டையும் திறந்தார். "அதே கை, அதே வலை, அதே குறிப்பு. இவ்வளவு ஒத்துமை தானா வராது. எங்க பிள்ளை அஞ்சு வருஷமா ஓவியம் படிக்கிறா. உங்க பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல மேடம். நானே பாத்தேன்" என்றாள் அஷீபா.

"அதத்தான் நானும் சொல்றேன். பாத்திருக்க."

அந்த நகைச்சுவைக்கு அவரே சிரித்துக்கொண்டார். லிண்டெலின் ஏட்டை இழுத்துப் புரட்டினேன். கொள்ளை அழகான கட்டைவிரல் ஒன்று வரைந்து, பக்கத்தில் எழுதியிருந்தது: 'இன்று தப்பு. கட்டைவிரல் கிழங்கு மாதிரி வந்துவிட்டது.' அடுத்த பக்கத்தில் மழை பெய்து, அம்மா அடுப்பை உள்ளே தூக்கி வந்திருந்தாள்.

"லிண்டெல், உங்க வீட்டுல கரி அடுப்பா?" என்று கேட்டேன்.

டசில்வா வீட்டுச் சமையலறையில் ஆறு பர்னர் எரிவாயு அடுப்பு இருப்பது ஊருக்கே தெரியும். அதன் முன்னால் அவள் அம்மா நின்றதே இல்லை என்பதும் தெரியும்.

"மிஸ் ஒலிவியர், இது உங்க நூலகம் இல்ல. விசாரணை நான் பண்றேன்" என்றார் தலைமை ஆசிரியை.

அப்போது அஷீபா எழுந்தாள். "மேடம், வந்தவங்க பதிவேட்டுல லிண்டெல் இப்பதான் கையெழுத்துப் போட்டா. எந்தக் கையால போட்டான்னு நீங்க பாத்தீங்களா?"

"அதுக்கென்ன?"

"இடது கையால. என் ஏட்டுல இருக்கறது இடது கை, ஏன்னா நான் வலது கையால வரையறவ. அவ ஏட்டுலயும் இடது கைதான் இருக்கு. பென்சிலப் பிடிச்சிருக்கிற கைய மேசைல விரிச்சு வச்சு எப்படி வரையறது?"

ஸ்டேப்பிள்டனின் கழுத்து வியர்த்தது. திருமதி பிராம்பிள் சளைக்கவில்லை. அந்தத் திறமைக்குத்தான் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்க வேண்டும்.

"கண்ணாடி வச்சு வரைஞ்சிருப்பா. கண்ணாடில வலது கை இடது கையாத்தான் தெரியும்."

"சரி மேடம்." அஷீபா தன் இடது கையை மேசைமேல், அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே வைத்தாள். கட்டைவிரலடியில் அரைவட்ட வடு. சாக்குத்தாளில் அரைவட்ட வடு. தேநீர்த்தாளிலும் அரைவட்ட வடு. "லிண்டெல், உன் ரெண்டு கையையும் காட்டு. வடுவையும் கண்ணாடியே போட்டுச்சா?"

லிண்டெல் கைகளை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனாள். "சார்தான் கொடுத்தாரு," என்று அழுதாள். "இதப் பாத்துச் செய்யின்னாரு. எல்லாரும் அப்படித்தான செய்றாங்க? எனக்கு மட்டும் என்ன?"

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. வேறு வழி ஒன்று உண்டு என்றே அவளுக்கு யாரும் காட்டவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். அறிவுள்ள மனிதர்கள் கூடிய எந்த அறையிலும் முடிந்திருக்கும். திருமதி பிராம்பிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

"யார் பக்கமும் நான் பேச விரும்பல. ரெண்டு ஏடும் போகட்டும். ரெண்டுக்கும் குறிப்பேட்டு மதிப்பெண்ல பாதிதான்னு எழுதி அனுப்பறேன். நியாயமா இருக்கும்."

திருடனுக்குப் பாதி, பறிகொடுத்தவனுக்குப் பாதி. இதற்குப் பெயர் நியாயம். இந்த மனுஷிதான் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறவர். வாயைத் திறந்தேன். அதற்குள் எலாம் கையை உயர்த்தினார்.

"விடு சிஸ்டர். ஜா எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருக்கார்."

"பாத்துக்கிட்டே இருந்தா போதுமா எலாம்? அவர் நாலு மணிக்குள்ள எதாவது சொல்வாரா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றாள் வெர்னெல்லா. "அஷீபா, பாதி வாங்குனாலும் தேறிருவ. ஒத்துக்கம்மா. நம்மகிட்ட இருக்கறது இந்த ஒரு பள்ளிக்கூடம்தான்."

உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் நினைத்தேன். தேறட்டும், போகட்டும், இந்தச் சாக்கடையைத் தாண்டட்டும்.

அஷீபா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "பாதி வாங்குனா பாதி திருடினேன்னு ஒத்துக்கிட்டதா ஆகும். எனக்கு வேணாம்." சாக்குத்தாள் ஏட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

பின்னால் திருமதி பிராம்பிளின் குரல் நிம்மதியாக வந்தது. "நல்லதாப் போச்சு. இப்ப ஒரே ஏடுதான். ஒத்துமைங்கற பேச்சே இல்ல. லிண்டெலோடத முழு மதிப்பெண்ணுக்கே அனுப்பலாம், மிஸ்டர் ஸ்டேப்பிள்டன்."

கதவில் கை வைத்த அஷீபா திரும்பினாள். அவள் முகத்தில் அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்காத ஒன்று இருந்தது. அழுகிய மீனைத் தெரியாமல் வாயில் வைத்தவர்களிடம் அது வரும்.

"நான் ஏட்ட எடுத்துட்டுப் போகல மேடம். அனுப்புங்க. இன்னிக்குப் பக்கம் மட்டும் பாக்கி இருக்கு. எழுதிட்டுத் தரேன்."

"சீக்கிரம். மூணரைக்குக் கட்டணும்."

அவள் வராந்தாவில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். இருபத்தைந்து நிமிடம். அறையை வரைந்தாள்: மேசை, இரண்டு ஏடு, சப்பாத்தைப் பார்க்கும் ஒரு மனிதர், அழும் ஒரு பெண், கண்ணாடி துடைக்கும் ஒரு பெண்மணி. ஓரத்தில் அதே பொடி எழுத்து: 'ஏப்ரல் 28. ஜனவரி 10 முதல் 31 வரை இந்த ஏடு ஆசிரியரிடம் இருந்தது. அப்போது இன்னொரு மாணவி இதைப் பார்த்து எழுதினாள், அவளிடம் கொடுத்தது ஆசிரியரே என்று அவளே இன்று எல்லார் முன்னும் சொன்னாள். வடுவையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். பாதி மதிப்பெண் என்கிறார்கள். இன்று தப்பு என்னுடையது அல்ல.'

"இத அவங்க கிழிச்சிருவாங்க" என்றேன்.

"பக்கத்துக்கு எண் போட்டிருக்கு மிஸ். கிழிச்சா தெரியும். சார் கையெழுத்துப் போடற கட்டமும் இதே பக்கத்துலதான் வருது. படிச்சிட்டு அவரே முடிவு பண்ணட்டும்."

அறையில் ஸ்டேப்பிள்டன் முன்னால் முப்பத்தோரு ஏடுகள் அடுக்கி இருந்தன. எல்லாம் கடைசிப் பக்கம் திறந்தபடி. அவர் ஒவ்வொன்றாக இழுத்துக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். அஷீபா தன் ஏட்டைத் திறந்து அவர் கைக்குக் கீழே வைத்தாள்.

"படிச்சுப் பாருங்க சார்."

"வை, வை. நேரம் இல்ல." கட்டத்தைத் தேடி, 'என் மேற்பார்வையில் செய்யப்பட்டது' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். ஒரு சொல் படிக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் எந்தக் குறிப்பேட்டையும் அவர் படிக்கவில்லை. இதை மட்டும் ஏன் படிக்கப் போகிறார்? திருமதி பிராம்பிள் அட்டைப் பெட்டியை மூடி அரக்கு வைத்தார்.

வெளியே வந்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அஷீபா சிரிக்கவில்லை. "அவர் படிச்சிட்டுப் போட்டிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. லிண்டெல் உட்பட அந்தப் பள்ளியின் ஓவிய மாணவர்கள் அத்தனை பேரின் முடிவும் ஆறு வாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம் யாருக்கும் சொல்லவில்லை. ஸ்டேப்பிள்டன் விடுப்பில் போனார், திரும்பி வரவில்லை. அஷீபாவுக்கு முதல் தரம். குறிப்பேட்டுக்கு முழு மதிப்பெண்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னமும் பொறுக்க முடியவில்லை. அக்டோபரில் அந்தப் பள்ளி உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது: 'எங்கள் மாணவர்களின் சாதனைகள்.' ஓவியத்தில் அந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்த ஒரே முதல் தரம் அவளுடையதுதான். பட்டியலின் உச்சியில் அஷீபாவின் பெயர். ஒரு நாள்கூட அவர்கள் வகுப்பறையில் உட்கார விடாத பெண்ணின் பெயர். பரிசளிப்பு விழாவுக்குத் தங்க எழுத்தில் அழைப்பிதழும் வந்தது.

"போகாத," என்றேன். "உன் பேர அவங்க தின்னுட்டாங்க. ஏப்பம் விடறதப் பாக்க வேற போகணுமா?"

"போறேன் மிஸ். என் பேர் போட்டிருக்காங்க இல்ல? நான் நானாத்தான் போவேன்."

தலையில் துணியில்லாமல், சடைகள் இடுப்புவரை தொங்க, முன்வாசலுக்குப் போனாள். காவலாளி கார்வின் சின்ன வயதிலிருந்து அவளை அறிந்தவன். எலாமிடம் இஞ்சி வாங்குகிறவன். அழைப்பிதழைப் பார்த்தான், அவள் தலையைப் பார்த்தான், உள்ளே வாத்தியம் முழங்கும் பக்கம் பார்த்தான்.

"அழைப்பும் இருக்கு, முடியும் இருக்கு தங்கச்சி. ரெண்டுல ஒண்ணுதான் உள்ள போகலாம்னு சொல்லி வச்சிருக்காங்க. என் வேலை போயிரும்."

"அழைப்பு உள்ள போகட்டும்," என்றாள். அதை அவன் கையில் கொடுத்தாள். "மேடத்துக்கிட்ட நேராக் குடு. மேடைல என் பேரச் சொல்லிக் கூப்பிடும்போது யாரும் வராதது ஏன்னு அவங்களே மைக்ல சொல்லட்டும்."

கூப்பிட்டார்களாம். இரண்டு முறை. பிறகு, உடம்பு சரியில்லை என்று அறிவித்தார்களாம். கார்வின்தான் வந்து சொன்னான்.

அந்த நேரத்தில் அஷீபா கடற்கரையில் ஒரு படகின் பக்கவாட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது அதுதான் அவள் பிழைப்பு. அவளுக்குப் பதினொன்று நடக்கிற ஒரு தங்கை இருக்கிறாள். போன வாரம் அவளுக்கும் அதே பள்ளியில் இடம் கிடைத்தது. வந்த அனுமதிக் கடிதத்தின் மூன்றாம் பத்தி முடியைப் பற்றியது.